தூணுக்குப் பின்னால் நின்றவள்

அக்கா,

இன்று துண்டு நெய்யும் கம்பெனியில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். பசை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கல்லூரிக்காக அட்டையில் கட்டிய வீடுகளிலெல்லாம் இந்த வாசனைதான் அடிக்கும். பசை காயும்வரை சுவர் சாயாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

கட்டடம் எவ்வளவு பெரியது என்று தெரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பாய். அதற்காக என்னைப் போலவே ரெட்டைச் சடையோடு விரலளவு பொம்மை வெட்டினாய். அதைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாய்.

"எதுக்குக்கா அங்க?"

"ஊட்டுக்கு ஆள் வந்தா நீ அங்கதான புள்ள நிப்ப?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

பத்தாவதோடு நான் நின்றுவிட்டேன். நீ கட்டடக்கலை படித்தாய். அப்போதிருந்தே உன்மேல் பொறாமைதான். இத்தாலியில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறாய் என்றதும் உன்னோடு பேசுவதையே நிறுத்தினேன். நீ போகவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் தோழிகள் போனார்கள். அங்கிருந்து வலைப்பதிவு எழுதுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்து வயிறு எரிகிறேன். போன வாரம் ஒரு படம் போட்டார்கள். பெரிய மாதா கோயில் ஒன்றின் படியில், நீ கல்லூரியில் கொடுத்த வீட்டில் நின்ற நம் பொம்மை! "எங்கள் தோழி செய்த சிறுமி. அவள் நினைவாக எங்கே போனாலும் கூட்டிப்போகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். லில்லி என்று பெயர் வேறு.

லில்லியாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை அவர்கள் எடுத்துக்கொண்டது போதாதா? என்னையுமா?

யாரிடமும் வாய் திறக்காத நான் படத்துக்குக் கீழே எழுதிவிட்டேன்: "அது லில்லி இல்லீங்க. நானுங்க. அவங்க தங்கச்சி."

உடனே பதில் வந்தது. "அய்யோ, தெரியாம போச்சே தங்கச்சி! உனக்கே அனுப்பிடட்டுமா?"

அனுப்புங்கள் என்றுதான் முதலில் தட்டினேன். அப்புறம் அழித்தேன். "வேண்டாங்க. ஊரெல்லாம் பாத்துட்டே வரட்டும். தூணுக்குப் பின்னால மட்டும் நிறுத்தீராதீங்க."

இன்றைய படத்தில் ஒரு சதுக்கத்தின் நட்டநடுவில் நிற்கிறாள். சுற்றிலும் புறாக்கள். கீழே என் பெயர்.

பொறாமை போகவில்லை அக்கா. முன்பு உன்மேல், இப்போது அவள்மேல். அவளுக்கு முன்னால் நீ வெட்டி, ஒரு சடை ஒடிந்ததால் தூக்கிப் போட்டாயே இன்னொரு பொம்மை, அவள் என் போன் உறைக்குள் இருக்கிறாள். ஒற்றைச் சடையோடு, என்னுடன் சேலம்வரை பார்த்திருக்கிறாள்.