சரஸ்வதி பூஜையில் ஒரு மீன்காரி

அக்டோபர் 19, செவ்வாய்

புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை வருகிற பாடில்லை.

கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தால் பினாயில் நாற்றம். முதலாளி அண்ணாச்சி தரையைத் திரும்பத் திரும்பத் துடைக்க வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் வைரஸாம், அதற்குப் பினாயில். "அது இந்த மாதிரி வைரஸ் இல்ல அண்ணாச்சி" என்றேன். "எந்த வைரஸா இருந்தா என்ன டீச்சர், சுத்தமா இருக்கது நல்லதுதானே" என்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன், இவருக்கு முடியவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரே பெட்டியை நேற்றே மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார். எல்லாவற்றையும் அழித்துத்தான் திருப்பித் தருவார்களாம். நான் எழுதிவருகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அதில்தான் இருந்தது.

மிச்சம், என் கைப்பையில் உள்ள இரண்டு ஃப்ளாப்பிகள். எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பூஞ்சை, வெள்ளை வெள்ளையாக. ஆக, ஒன்றே ஒன்று. இத்தனை நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்து எழுதியது முழுக்க இந்த ஒரு சதுர அட்டைக்குள்.

அக்டோபர் 20, புதன்

வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தேனே, அந்தப் பெங்களூர்காரரிடமிருந்து (இனி பெ.கா.) கார்டு. நாகர்கோவிலில் ஒரு கல்யாணமாம். வருகிற செவ்வாய்க்கிழமை போகிற வழியில் பாளையங்கோட்டையில் இறங்கி என் விளையாட்டைப் பார்க்கிறாராம். சின்னக் கம்பெனி. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். ஒரு இடம் காலி. 'முழுசாக ஓடினால் பேசலாம்.' முழுசாக என்பதற்குக் கீழே கோடு வேறு.

போனால் மறுபடி இந்தப் பக்கம் வருகிற ஆள் இல்லை. இன்றைக்கே இன்னொரு காப்பி எடுத்திருக்க வேண்டும். புது ஃப்ளாப்பி எல்லாம் பீரோவில், சாவி அண்ணாச்சி இடுப்பில். "நாளைக்கு எடுத்துத் தாரேன் டீச்சர்."

சாப்பிடும்போது அப்பா கேட்டார், "அந்த விளையாட்டுல என்னதான் செய்யணும்?" இத்தனை நாளில் முதல் தடவை கேட்கிறார். சொன்னேன். உவரியிலிருந்து அந்தோணியம்மா என்று ஒரு மீன்காரி. தலையில் கூடை. ஐஸ் உருகுமுன் பாளை மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டும். கூடையைப் பார்த்தால் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டான். காக்கா கொத்திக்கொண்டு போகும். திசையன்விளையில் பூனை.

அப்பா கையிலெடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டார். "சைவ வீட்டுப் பிள்ளைக்கு வேற யாவாரமே கெடைக்கலையா?"

அம்மா, "நாறவா போகுது, விடுங்க" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "என்ன மீனுட்டி?" சாளை என்றேன்.

அக்டோபர் 22, வெள்ளி

மழை. ஒருவழியாக.

செய்தவை: கடைசிக் கட்டம் முடித்தேன். மார்க்கெட் வாசல் வரைந்தேன். பூனையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். அந்தோணியம்மா சேலைக்குக் கத்திரிப்பூ நிறம், இருக்கிற நாலு நிறத்தில் அதுதான் தேவலை. முழுசாக ஓடுகிறது, இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

செய்யாதது: காப்பி. நேற்றும் 'நாளைக்கு' என்ற அண்ணாச்சி இன்று பீரோவைத் திறக்கப் போகவும் இடி, கரண்ட் போயிற்று. காத்திருந்து பார்த்தோம். வரவில்லை. பெட்டிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டுவிட்டு, "இனிமே திங்கக்கிழமைதான் டீச்சர். ஆயுத பூஜைக்கு மிஷினைத் தொடக்கூடாது" என்று பூட்டிவிட்டார்.

ஃப்ளாப்பியைப் பாலித்தீன் பையில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்து, பஸ்ஸில் ஒருத்தரும் இடிக்காமல் கொண்டுவந்து சேர்த்தேன். மேஜையில் என் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 23, சனி. சரஸ்வதி பூஜை

எழுத்து கோணல்மாணல்.

பொரியும் பூவும் வாங்கக் கடைக்குப் போனேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்தால் பூஜை முடிந்து சாம்பிராணி மணக்கிறது. மணைப்பலகையில் பட்டுத்துணி, அதன்மேல் அப்பாவின் திருவாசகம், வீட்டுப் பத்திரங்கள், என் பாடப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே, நடுநாயகமாக, என் ஃப்ளாப்பி. காகித உறையைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறது.

அட்டையில் நீளவாட்டில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் டிரைவ் படிக்கும். விரல் ரேகைகூடப் படக்கூடாத இடம். அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். அதற்கு மேல் ஒரு செவ்வந்தி இதழ்.

"என்னம்மா இது" என்றேன்.

"ஒன் தொழில் அதுக்குள்ளதானட்டி இருக்கு. புத்தகத்துக்குள்ள மூடிக் கெடந்துது. சாமிக்கு முன்னால சட்டையப் போட்டு மூடி வைக்கலாமா? கழத்திட்டேன். பொட்டு வைக்க எடமும் அதைச் செஞ்சவனே விட்டிருக்கான் பாரு, நெத்தி மாதிரி."

சிரித்த முகம். எடுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? நாளைக்குக் காலையில மறுபூஜை முடியாம தொடலாமா?"

தொடவில்லை. அம்மாவுக்குப் பயந்தா, சாமிக்குப் பயந்தா தெரியவில்லை. சாமி என்றெல்லாம் நான் அதிகம் நினைக்கிறவள் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டு சரஸ்வதியிடம் சண்டை பிடிக்கத் துணிச்சல் வரவில்லை. தொட்டதனால்தான் போயிற்று என்று பிறகு நானே சொல்லிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் முழுக்கப் பூஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சந்தனம் ஈரம் போய் ஓரம் வெளுத்துக்கொண்டே வருகிறது. காய்ந்தால் பொடி உதிரும். உதிர்ந்த பொடி உள்ளே போகும். பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்கிறாள்: "இந்த வருஷந்தான் பிள்ளைக்குப் பக்தி வந்திருக்கு. எந்திரிக்க மாட்டேங்கா."

அக்டோபர் 24, ஞாயிறு. விஜயதசமி

மறுபூஜை. கற்பூரம். புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா, "வாசி" என்றார். வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது.

பிறகு அம்மாவிடம் சொன்னேன். அந்தத் திறப்பு எதற்கு, சந்தனம் பட்டால் என்ன ஆகும், வேறு காப்பி இல்லை, செவ்வாய்க்கிழமை யார் வருகிறார்கள். கோபமாகத்தான் சொல்ல வந்தேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

அம்மா முந்தானையால் ஃப்ளாப்பியிலிருந்த சந்தனத்தைத் துடைக்க வந்தாள். "தொடாதே" என்று கத்தினேன். அம்மாவிடம் இப்படிக் கத்தியதே இல்லை. அப்படியே கையை மடக்கிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காபி கொட்டிய ஃப்ளாப்பியைக் கழுவிப் பிழைக்க வைத்த கதையை ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறேன். படித்தது மட்டும்தான். வேறு வழி? பிளேடால் அட்டையின் ஓரத்தைக் கீறினேன். உள்ளே இருந்த வட்டத்தை நடு ஓட்டையில் விரலைக் கொடுத்து வெளியே எடுத்தேன். அப்பளத்தைவிட மெல்லிசு, காப்பிக்கொட்டை நிறம். அந்தோணியம்மா, கண்டக்டர், பூனை, பாளை மார்க்கெட் எல்லாம் அதில் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

காய்ச்சி ஆறிய குழாய்த் தண்ணீர், பித்தளைத் தாம்பாளத்தில். தேய்க்காமல் பைய அலசினேன். குங்குமம் முதலில் போயிற்று. சந்தனம் போக மறுத்தது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள் அம்மா, ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை.

காயவைக்க நூல் உதிராத துணி வேண்டும். அப்பா பூஜைக்குக் கட்டியிருந்த புது வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பழசைக் கட்டிக்கொண்டார். ஃபேனைப் போட விடவில்லை. பல்லி விழுந்துவிடக்கூடாதென்று நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வியர்க்க வியர்க்க. "மீன்காரிக்குக் காவல்காரனாயிட்டேன்" என்று முனகினார்.

காய்ந்ததை எதில் கொண்டுபோவது? அம்மா பீரோவிலிருந்து என் ஜாதகம் இருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். ஜாதகத்தை உருவி மேஜையில் போட்டாள். "இதுதான் மடங்காம இருக்கும்."

அக்டோபர் 25, திங்கள்

முதல் வேலை: பாடம் நடத்துகிற ஃப்ளாப்பி ஒன்றைக் கீறி, அதன் அட்டைக்குள் என்னுடைய வட்டத்தைச் செருகினேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கியளா? மிஷினுக்குச் சளி பிடிச்சிராதே டீச்சர்?" ஆனால் பீரோச் சாவியை அவராகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

டிரைவில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம், அம்மியில் கல் அரைபடுகிற மாதிரி. சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிற வழியில்லை. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று திரை கேட்டது. முயல் என்று அழுத்தினேன். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. உள்ளங்கை வேர்த்துச் சாவிப்பலகை ஈரம்.

பிறகு சத்தம் மாறியது. பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகப் புது ஃப்ளாப்பிக்கு மாற்றினேன். பஸ் வந்தது. கண்டக்டர் வந்தான். மார்க்கெட் வந்தது. அந்தோணியம்மா வந்தாள்.

காக்கா மட்டும் வரவில்லை. அந்தப் படம் போயே போய்விட்டது. காக்கா இல்லாமல் விளையாட்டு முதல் கட்டத்திலேயே நின்றுவிடும்.

மத்தியானம் லீவு கேட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா சாதம் வைக்கிற மதிலில் காக்கா வந்து உட்காரும். தினமும் அதற்கு வைத்துவிட்டுத்தான் எங்களுக்குச் சோறு. கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பறந்துவிடக் கூடாதே என்று அம்மா ஒவ்வொரு பருக்கையாகப் போட்டாள். காக்கா எடுப்பதற்கு முன் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கிறது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

"இதை எதுக்கு வரையுத?"

"மீனைத் திருடுற காக்கா."

"திருடுதா? பசிச்சா எடுக்கும். திருடன் மாதிரி வரையாத."

சென்டருக்குத் திரும்பிக் கட்டங்களை எண்களாக அடித்தேன். ஓடுகிறது. காப்பி மூன்று. ஒன்று இங்கே, ஒன்று வீட்டில், ஒன்று பையில். ஆனாலும் மனசு அடங்கவில்லை. நாளைக்கு அவருக்கு முன்னால் நின்றுவிட்டால்?

அக்டோபர் 26, செவ்வாய்

தூறல். பெ.கா. சென்டருக்கு வந்தார். சேலத்துக்காரராம், கண்ணாடி, கல்யாணப் பட்டுச்சட்டை. வாசலில் அண்ணாச்சி செருப்பைக் கழற்றச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு.

அப்பாவும் வந்திருந்தார். கூப்பிடவில்லை. கதவோரம் நின்றார்.

முதல் ஆட்டத்தில் காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது. மறுபடி ஆடினார். கண்டக்டர் இறக்கிவிட்டான். மறுபடி. கரண்ட் போய்விடக்கூடாதே என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மார்க்கெட் வாசல் வந்து மணி அடித்தது. முழுசாக.

"அந்தக் காக்கா எடுக்கிறதுக்கு முன்னாடி தலையைச் சாய்க்குது பாருங்க" என்றார். "இதுக்கே உங்களைக் கூப்பிடலாம். தீபாவளி கழிஞ்சதும் வந்து சேருங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார்: "மீனு விக்கதுக்குப் பெங்களூரு வரைக்கும் போணுமோ." குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நவம்பர் 16, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. சாயங்காலம் ரயில். பெட்டி கட்டியாயிற்று. முறுக்கு, பருப்புப்பொடி, இரண்டு போர்வை. பாளையை விட்டால் யாரையும் தெரியாது. அந்த ஊர்ப் பேச்சும் தெரியாது. பயமாக இருக்கிறது. ஃப்ளாப்பி போய்விட்டது என்று நினைத்த அன்றுகூட இவ்வளவு இல்லை.

விளக்கேற்றிவிட்டு அம்மா கூப்பிட்டாள். சந்தனக் கிண்ணம் ஒரு கையில். இன்னொரு கையில் என் ஃப்ளாப்பி, காகித உறையோடு, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு.

"இதுல எங்கன வைக்கட்டும்?"

பேர் எழுதி ஒட்டுகிற மூலையைக் காட்டினேன். சுண்டுவிரல் நுனியால் தொட்டும் தொடாமல் ஒரு புள்ளி வைத்தாள். சரியா என்று என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

என் நெற்றியில் மட்டும் கேட்காமல் வைத்தாள்.

ஆட்டோ வந்துவிட்டது.