தகட்டுக்கு உள்ளே

ஆகஸ்ட் 9, 2024

காலையில் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது பாதியில் நின்றுவிட்டேன். போன மாதம் இதைவிட மேலே ஏறித்தான் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும், அறுபத்திரண்டு வயசுக்காரனுக்கு மூச்சு வாங்குவதில் என்ன அதிசயம்?

மத்தியானம் மகள் முத்துராணி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நாலு மாதமாக வேலை இல்லாமல் இருந்த மருமகன் மணிராஜுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். மஞ்சணத்திவிளை பவர் ஹவுஸை மூடிவிட்டார்கள் அல்லவா, அங்கே பழைய பாய்லரைப் பிரிக்கிறார்களாம். சீவலப்பேரியிலிருந்து மட்டும் இருபத்திமூன்று பேர். நாளையிலிருந்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"நீங்க வேல பாத்த எடந்தானப்பா. நமக்கு ராசியான எடம்" என்றாள்.

 மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 11

வேதமுத்துவைப் பார்க்கப் போகவேண்டும். மூன்று வாரமாகத் தள்ளிப்போடுகிறேன்.

ஆகஸ்ட் 14

பாளையங்கோட்டைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாயாமல், முன்னால் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எண்பத்தாறிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஒரே குழுவில் இருந்தோம். பாய்லர் குழாய்களுக்குச் சூடு போகாமல் உறை சுற்றுவது எங்கள் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்க் கயிறு, கல்நார்த் துணி, அதன்மேல் கல்நார்ப் பொடியைக் குழைத்துப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியத் தகடு. ஏழு பேர் இருந்தோம். இப்போது இரண்டு.

அவனை முதலில் பார்த்த டாக்டர் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். இப்போது நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் புற்று என்கிறார்கள். வாரம் ஒருமுறை ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள்.

"பவர் ஹவுஸப் பிரிக்காங்களாமே வே?"

"ஆமா."

"உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

நான் அவன் மகள் வைத்த காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீருதான கையெழுத்துப் போட்டீரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட மூச்சு வேண்டும்.

ஆகஸ்ட் 15

எழுதிவிடுகிறேன். இதில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே சொல்வேன்?

2006. கல்நார் உறையை எல்லாம் எடுத்துவிட்டு கண்ணாடிப் பஞ்சு வைக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாய்லரை நிறுத்த இருபது நாள் கொடுத்தார்கள். இருபது நாளில் கண்ணுக்குத் தெரிகிற வெளிக் குழாய்களைத்தான் மாற்ற முடிந்தது. உள்ளே மூன்று தளம் அப்படியே இருந்தது. அப்போதைய என்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, "மேலே புதுத் தகடு அடிச்சிரு காசிலிங்கம். உள்ள எவன் பாக்கப் போறான்?" என்றார். தகடு அடித்தோம். மேஸ்திரி என்ற முறையில் பதிவேட்டில் ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே 'கல்நார் அகற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது, ஐம்பது கையெழுத்து இருக்கும்.

அது என்ன செய்யும் என்று அப்போது தெரியாதா? அரசல்புரசலாகத் தெரியும். எங்கள் குழுவில் ஒருவன் ஏற்கெனவே இருமி இருமிச் செத்திருந்தான். ஆனால் தகட்டுக்கு உள்ளே கிடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அதைப் பிரிப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 19

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனேன். மணிராஜ் அப்போதுதான் வந்திருந்தான். புருவத்தில், காது மடலில், சட்டை மடிப்பில் வெள்ளைத் தூசி. பேத்தி அவன் மடியில் ஏறிக்கொண்டாள். முத்துராணி கழற்றிப்போட்ட சட்டையைக் கொல்லைப்பக்கம் நின்று படபடவென்று உதறினாள்.

"மூஞ்சிக்கு என்ன கட்டுதிய மாப்ளே?"

"துண்டுதான் மாமா. வேர்வைல அதயும் அவுத்துப் போட்ருதோம்."

"அந்த வேல வேண்டாம் மாப்ளே. அது நல்ல பஞ்சு இல்ல."

சிரித்தான். "கண்ணாடிப் பஞ்சு மாமா. கல்நார எல்லாம் எப்பவோ எடுத்தாச்சாம். பேப்பர்ல இருக்குன்னு எஞ்சினியர் சொன்னாரு."

அந்தப் பேப்பர் நான் எழுதியது. சொல்லியிருக்கவேண்டும். வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது. முத்துராணி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

வேதமுத்து போய்விட்டான். கல்லறைத் தோட்டம்வரை நடக்க என்னால் முடியவில்லை, ஆட்டோவில் போனேன். அவன் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசமா உக்காந்தேதான் தூங்குனாவ அண்ணாச்சி. நேத்து ராத்திரிதான் படுத்தாவ" என்றாள்.

ஏழு பேரில் இப்போது நான் மட்டும்.

ஆகஸ்ட் 28

சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து, கையெழுத்து, தகடு, வேதமுத்து, எல்லாம். பேத்தி என் மடியில் இருந்தாள். மணிராஜ் பாதியிலேயே எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

முத்துராணி மட்டும் இருந்தாள். "பத்தொம்பது நாளா அவரு போயிட்டு வாராரு. நீங்க பாத்துட்டுத்தான இருந்திய?" என்றாள்.

"சொல்ல வந்தேன் தாயி—"

"அந்தச் சட்டய நான் உதறுதத நின்னு பாத்தியளா இல்லையா?"

பார்த்தேன். பார்த்தேன். 

ஆகஸ்ட் 29

பவர் ஹவுஸுக்குப் பஸ்ஸில் போனேன். பதினாறு வருஷம் கழித்து அந்த வாசல். பிரிக்கும் கம்பெனியின் என்ஜினியர் பாலசுப்பிரமணியன், முப்பது வயசு இருக்கும், மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டதும் போனில் அந்தப் பழைய பதிவேட்டின் படத்தை எடுத்துக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே ஐயா?"

"ஆமா. கையெழுத்து நெசம். எழுதுனது பொய்."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "இத இப்ப நீங்க வெளிய சொன்னா மொதல்ல கேஸ் உங்க மேலதான் வரும். வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"நான் காட்டாம ஒங்களுக்கு எந்தக் குழாய்னு தெரியாது தம்பி."

என்னோடு வந்தார். இரண்டாம் தளத்துக்கு ஏற அரைமணி நேரம் ஆயிற்று, நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போனால், தகட்டைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, உள்ளே இருப்பதைச் சம்மட்டியால் அடித்து உதிர்க்கிறார்கள். கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழுந்த இடத்தில் தூசி இறங்கவே இல்லை, அப்படியே நின்றது. எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். மணிராஜ் இல்லை. உடைந்து கிடந்த பூச்சைப் பார்த்ததும் எங்கள் வேலை என்று தெரிந்தது. ஓரத்தைக் கட்டைவிரலால் வழித்து முடிப்பது வேதமுத்துவின் பழக்கம். அந்த விரல் தடம் இருந்தது.

"நிறுத்துங்கலே! எல்லாவனும் கீழ எறங்குங்க!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். சத்தம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவன், இசக்கிமுருகன்தான் நான் கீழே விழுவதைப் பார்த்துச் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

செப்டம்பர் 2

வேன் வரவில்லை. விஷயம் தொழிற்சாலை ஆய்வாளர் காதுவரை போய், வேலையை நிறுத்திவிட்டார்கள். உறையிலிருந்து துண்டுகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

டீக்கடையில் இசக்கிமுருகன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்: "அப்ப பொய் எழுதிச் சோறு தின்னாச்சு. இப்ப உண்மயச் சொல்லி எங்க சோத்துல மண்ணு." யாரும் அவனைத் தடுக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20

சோதனை முடிவு வந்தது. கல்நார்தான்.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அப்படிச் செய்யச் சொன்ன என்ஜினியர் யார் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்படியானால் காகிதத்தில் மிச்சம் இருப்பது என் பெயர் ஒன்றுதான். வழக்கு வரலாம் என்றார்கள். நான் எத்தனை நாள் இருப்பேன் என்று அவர்களும் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

இனிமேல் உடல் முழுக்க மூடிய உடுப்போடு, தண்ணீர் அடித்து நனைத்து எடுக்கிற ஆட்கள் வெளியூரிலிருந்து வருவார்களாம்.

அக்டோபர் 6

முத்துராணி வரவில்லை. ஐந்து வாரம்.

அக்டோபர் 23

வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. இசக்கிமுருகன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, நெஞ்சு படம் எங்கன எடுக்கது? எம் பொண்டாட்டி போட்டு அரிக்கா."

வேதமுத்துவைக் கடைசியில் பார்த்த டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். எந்த இடத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலை செய்தான் என்பதையும் ஒரு தாளில் எழுதி, இதைக் கண்டிப்பாகக் காட்டு என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

அக்டோபர் 30

இந்த வாரத்தில் ஒன்பது பேர் வந்து அதே மாதிரித் தாள் எழுதி வாங்கிப் போனார்கள். மணிராஜுக்கும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டு வரவில்லை.

நவம்பர் 11

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். மணிராஜ். இறங்காமலே, "ஏறுங்க மாமா, டாக்டர்ட்ட போவோம்" என்றான். எழுபத்தைந்து நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பைய ஓட்டினான். பள்ளம் வந்தபோதெல்லாம் கையைப் பின்னால் கொண்டுவந்து என்னைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு பேருக்கும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா மணிராஜின் படத்தை முதலில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு சுத்தமா இருக்கு. இத வச்சு நிம்மதியாவும் இருக்க முடியாது, பயந்துகிட்டும் இருக்க வேண்டாம். இது இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சும் வரலாம். வராமலும் போகலாம். வருஷா வருஷம் வந்து பாத்துக்கிடணும். பீடி, சிகரெட் தொடக்கூடாது."

மணிராஜுக்கு முப்பத்தொன்று. அவன் என் வயசுக்கு வரும்போதுதான் தெரியும்.

அப்புறம் என் படத்தை வைத்தார். அதிக நேரம் பார்த்தார். வேதமுத்துவுக்கு நீர் கட்டியிருந்த அதே பக்கம், அதே மாதிரி வெள்ளை. எனக்கே தெரிந்தது. மணிராஜ் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவன் சீட்டில் அடுத்த வருஷம் வரவேண்டிய தேதியை எழுதினார். என் சீட்டில் மாத்திரை எழுதினார். தேதி எழுதவில்லை.

திரும்பி வரும்போது மணிராஜ் என் வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல், நேரே அவன் வீட்டுக்கு ஓட்டினான். முத்துராணி வாசலில் நின்றாள்.  உள்ளே போய் எனக்கும் இலை போட்டாள்.