வெளிப்பக்கம் நின்று எடுத்த படம்

காலையில் உன் மனைவி போன் செய்தாள். சட்டம் போட்டு மாலையோடு மாட்ட, நீ தனியாகத் தெரிகிற படம் ஒன்று வேண்டுமாம். ஆதார் அட்டையில் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறாய், அது வேண்டாமாம். "உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்ணா?" என்றாள். இல்லாமலா என்று நானும் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மதியம் வரை தேடினேன். எல்லாப் படத்திலும் சரளாதான் இருக்கிறாள். நீ ஒரு முழங்கை, அரைக் காது, கயிற்றைப் பிடித்த விரல்கள்.

பார்வையில்லாத சரளாவுக்கு ஓட்டத் துணை நீ. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் ஷிப்ட் தொடங்குமுன் மைதானத்துக்கு வந்துவிடுவாய். மௌலா அலி ஏரியாவிலிருந்து அவளை அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். உன் கையையும் அவள் கையையும் சின்னக் கயிற்றால் இணைத்துக்கொண்டு, அவளுக்கு வலப்பக்கமாக ஓடுவாய். அவளைப் படமெடுக்க நீதான் என்னை இழுத்துப் போனாய்.

முதல் போட்டியில் நான் கேலரி ஓரமாக நின்றேன். வெயில் முதுகுக்குப் பின்னால், அருமையான இடம். ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து கேமராவைப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தாய்.

"கைக்குடா, ஏன்டா இங்க நின்னே? நான் அவளுக்கு வலது பக்கம். இங்கேர்ந்து எடுத்தா நான்தானே தெரிவேன். உள்ள போய் நில்லு."

உள்ளே நின்றால் வெயில் எதிரே அடிக்கும், முகம் இருட்டாகிவிடும் என்று வாதாடினேன்.

"வெளிச்சம் என் மேல விழுந்து யாருக்கு என்ன? இதெல்லாம் அழிச்சிடு."

அன்றிலிருந்து வளைவு முடியும் இடத்தில் உள்பக்கப் புல்லில் குந்தியிருப்பேன். அதிகாரிகள் விரட்டும்போது நீ தெலுங்கில் கெஞ்சி இடம் வாங்கித் தருவாய். அங்கிருந்து பார்த்தால் அவள் முழுசாகத் தெரிவாள். எல்லைக்கோட்டுக்கு நேர் எதிரே நின்றும் பார்த்தேன். துணை ஓடுபவர் முதலில் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடைசியில் நீ பின்வாங்கி அவள் தோளுக்குப் பின்னால் போய்விடுவாய். இன்று மதியம் உன்மேல் எனக்குக் கோபமே வந்தது. இப்படித் திடுதிப்பென்று போகிறவன் ஒரு படத்துக்காவது முகத்தைக் காட்டியிருக்கலாம்.

கடைசியில் அந்த முதல்நாள் படங்கள்தான் கைகொடுத்தன. நீ அழிக்கச் சொன்னதைச் சோம்பேறித்தனத்தில் நான் செய்யவே இல்லை. ஒன்றில் தலை முதல் கால் வரை நீதான். முகமெல்லாம் வெயில். வளைவு வருகிறது என்று அவளிடம் சொல்கிறாய் போல, வாய் திறந்திருக்கிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அவளுடைய ஓட்டமாயிற்றே, இதைக் கொடுக்கலாமா என்று சரளாவிடமும் போனில் கேட்டேன்.

"அதுல நான் தெரியறேனா?"

"ஒரு ஷூ மட்டும்மா. மிச்சத்தை அவன் மறைச்சிட்டான்."



"அதையே மாட்டச் சொல்லுங்க. ஒரு தடவையாவது அண்ணா முன்னாடி வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சரளாவோடு வேறொருவர் ஓடப்போகிறார். வழக்கம்போல உள்பக்கம் நின்று அவளை எடுப்பேன். அடுத்த ஓட்டத்துக்குக் கேலரிப் பக்கம் போய் அவரையும் எடுப்பேன். உன்னைப் போலவே நக்கோ, வேண்டாம் என்று கையை ஆட்டுவார். ஆட்டட்டும். இனி அந்தப் பேச்சை நான் கேட்பதாக இல்லை.