சாமைக் காட்டில் ஒரு ஆட்டம்

என் ஆசை நங்கையாவுக்கு,

நீங்க போய் இருபது நாள் ஆச்சுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், தப்பிருந்தா பொறுத்துக்குங்க. அக்காளைப் பறிகொடுத்ததுல இருந்து உங்க தம்பிக்கு முன்ன மாதிரி பேச்சில்லை. சோறு வெச்சா தின்னுட்டு ஏர் எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க.

காய்ச்சல்ல விழுந்ததுக்கு முந்தின நாள் நீங்க என்னைக் கூப்பிட்டீங்க. உச்சிக்குக் கஞ்சி குடிச்ச கையோட பாறைமேல கட்டம் கிழிச்சு, வா கண்ணு, ஒரு தாயம் ஆடிட்டுப் போலாம்னீங்க. களை கிடக்குதுங்கன்னு சொல்லி நான் களைக்கொத்தை எடுத்துட்டேன். என்னைப் பார்த்து மத்தவங்களும் எந்திரிச்சாங்க. நீங்க தனியா உக்காந்து ரெண்டு பக்கக் காயையும் நீங்களே நகர்த்தினீங்களாம். களை வெட்டிக்கிட்டே திரும்பிப் பார்த்த பொன்னிதான் பிற்பாடு சொன்னா. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நங்கையா?

அதுக்கப்புறம் நான் உச்சிப் பொழுதுல உக்காரவே இல்லை. உக்காந்தா அந்தப் பாறைதான் கண்ணுல நிக்குது. எங்கேயோ பெரிய சண்டை நடக்கறதால மலைக்குக் கீழே சந்தையில அரிசியே இல்லையாம். சாமை தப்பினாத்தான் நமக்கு வருசம் ஓடும். ஒருத்தி காட்டுக்கு மத்தவங்க மாத்தாளாப் போறது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே. நம்ம காட்டு முறை கடைசி. அதனால எல்லார் காட்டுலயும் மூச்சு விடாம களை வெட்டினேன்.

முந்தாநாள் நல்லம்மா காட்டு முறை. உச்சிக்கு மத்தவங்க தாயம் ஆட உக்காந்தாங்க. நான் மட்டும் குனிஞ்ச தலை நிமிராம ஒரு வரிசையை முடிச்சுட்டு வந்தேன். நல்லம்மா எந்திரிச்சு வந்து பார்த்தா. இளம் பயிர்ல சாமையும் புல்லும் ஒண்ணாத்தானே இருக்கும், அடித்தண்டைப் பார்த்துத்தானே எடுக்கணும். நான் அந்த வரிசை முழுக்கச் சாமையை வெட்டிட்டுப் புல்லை விட்டிருக்கேன்.

அவ சத்தம் போடலை.

"களையைப் பயிர் பண்ணிட்டியே சாமி. அறுப்புக்கும் நீயே வா."

ஒருத்தியும் சிரிக்கலை. சாயங்காலம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்க. அடுத்த நாள் நம்ம காட்டு முறை. அவங்க வரலைன்னா ஒத்தைக் கையால நான் எத்தனை களை எடுப்பேன்? உங்க தம்பிகிட்டச் சொல்லவும் வாய் வரலை.

விடிஞ்சதும் காட்டுல போய் நின்னேன். மேற்கே மேகம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. வெயில் பாறைக்கு வந்துடுச்சு, ஒருத்தியும் காணோம். அப்புறம் வரப்புல நல்லம்மா தலை தெரிஞ்சுது, பின்னாலயே பொன்னியும் மத்த ரெண்டு பேரும். நல்லம்மா காட்டுக்குள்ள இறங்காம மேலேயே நின்னுக்கிட்டா.

"உச்சிக்கு நீயும் ஆட உக்காரணும். மாட்டேன்னா இப்பவே சொல்லு, திரும்பிப் போறோம்."

உச்சிக்கு நானும் உக்காந்தேனுங்க. மேகம் கறுத்துக்கிட்டே வந்துச்சு, எனக்குக் கண்ணெல்லாம் களைமேல. நடு ஆட்டத்துல உங்க தம்பி வந்து நின்னாங்க. மழை வருது, என்ன ஆட்டம் இதுன்னு கேட்டாங்க. பொன்னி கட்டத்தைக் கலைக்கப் போனா. நான் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். "முடிச்சுட்டு வாரேனுங்க"ன்னேன். ஊட்டுக்கு வந்து இத்தனை வருசத்துல அவங்களுக்கு நான் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. திரும்பி வரப்பேறிப் போயிட்டாங்க.

நான் தோத்தேன். நல்லம்மா என் காய் ரெண்டை வெட்டினா. வெட்டுப்பட்டுச் சிரிச்சேன், நங்கையா. சிரிச்சதுக்கப்புறம்தான் அழுகை வந்துச்சு. அவங்க கொத்தை எடுத்துக்கிட்டு இறங்கினாங்க. அப்புறம் நான் வெட்டினதுல ஒரு சாமைத் தண்டுகூடப் போகலை.

ஆனா மழை புடிச்சுக்கிச்சு. மேல்காட்டுல கால்வாசிக் களை அப்படியே நிக்குது. ஆடின நேரத்துல அதையும் முடிச்சிருக்கலாம்னு உங்க தம்பி ராத்திரி சொன்னாங்க. முடிச்சிருக்கலாந்தான். இல்லைன்னு சொல்லலை நான்.

மழை விட்டதும் மிச்சத்தை எடுத்துடுவேன். அன்னைக்கும் உச்சிக்கு உக்காருவேன். உங்க தம்பி வந்து நின்னா, அவங்களையும் ஒரு ஓரமா உக்காரச் சொல்லுவேன். இது உங்க மேல ஆணை.

உங்க தம்பி பொண்டாட்டி,
வெள்ளையம்மா