தூக்கத்தில் நீந்திய கை

அன்பு மகள் சுண்டெலிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம், அம்மா நலம், அம்மாவின் வலது கை மட்டும் நலத்துக்கு வரும் வழியில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி ஒழுங்காக இருக்கிறீர்களா என்று எழுது. போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சில விஷயங்களைச் சொல்ல முடியவில்லை, நான் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும் என்பது உனக்கே தெரியும், அதனால்தான் கடிதம். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்துவிடட்டுமா என்று கேட்டாயே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது, வழக்கம்போல் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது, என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கைதான் அசைய மாட்டேன் என்கிறது. நீச்சல் குளத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் பயத்தைப் போக்கிய கை, இப்போது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சார், கை தானா கொஞ்சமாவது முயற்சி பண்ணுதான்னு பாத்துடலாம், இல்லேன்னா வலது கையை விட்டுட்டு எல்லாத்தையும் இடது கையில பழக்கிடலாம் என்றாள். விட்டுட்டு என்று அவள் சொன்ன வார்த்தையோடுதான் அன்றைக்கு வீடு வந்தேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அதற்காக மூன்று சென்சார் கொடுத்தாள், தீப்பெட்டி அளவுதான் இருக்கும், தோளுக்குக் கீழே ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று துணிப்பட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும். கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது குறித்துக்கொள்ளும், பிறகு அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் கறுப்புத் திரையில் உடம்பே இல்லாத ஒரு நீலக் கை மிதக்கிறது, அம்மாவின் கை செய்ததையெல்லாம் அதுவும் செய்கிறது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னங்க, தண்ணிக்கடியில இருக்கிற மாதிரியே இருக்கு இல்ல என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் அந்த அறையே குளத்தின் அடியில் இருப்பதுபோல் தோன்றியது, சுவரில் விழுந்த வெயில்கூட அலைந்தது. பகலெல்லாம் கட்டியிருங்க, தூங்கும்போது மட்டும் கழட்டிடுங்க என்று சொல்லி அனுப்பினாள் அந்தப் பெண்.

நான்தான் கழற்றவில்லை. மதியம் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள், ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கும், பட்டையைப் பிரித்தால் கரகரவென்று சத்தம் வருமே, எழுந்துவிடுவாளே என்று விட்டுவிட்டேன். அதோடு இன்னொன்றும் செய்தேன், சிரிக்காதே. அம்மாவுக்குத் தினமும் ஒரே கனவு. குளத்தில் இறங்குகிறாளாம், இடது கை மட்டும் வேலை செய்வதால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறாளாம். ஒத்தக் கையில நேரா போக முடியலங்க, அந்தப் பக்கத்துச் சுவர் தெரியுது, போய்த் தொட முடியல என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் சும்மா இருப்பானா? எனக்கு நீச்சல் சுட்டுப்போட்டாலும் வராது, ஆனால் துண்டும் கையுமாகக் கரையில் உட்கார்ந்து அவள் நீந்துவதைப் பார்த்தே வயசானவன் நான். அவள் தூங்கும்போது வலது கையை மெல்லத் தூக்குவேன், முழங்கை முதலில், பிறகு விரல்கள் முன்னால், அப்படியே இடுப்புவரை இழுத்து, மறுபடியும். அவள் மூச்சுக்கு ஏற்றபடி நானும் மூச்சு விடுவேன். எந்தக் கரையில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு பேரும் எங்கோ போய்க்கொண்டிருப்போம். கடைசியில் என் கை ஓய்ந்துபோய், விழுந்தாலும் மெத்தைதானே என்று அவள் கையை அந்தரத்திலேயே விட்டுவிடுவேன்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், அந்தப் பெண் பதிவைத் திரையில் ஓட்டினாள், நீலக் கை ஜம்மென்று நீந்துகிறது! அய்யோ, அம்மா தூக்கத்துல நீந்தியிருக்காங்க என்று கூவி, பக்கத்து அறையிலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குளத்திலிருந்து தலையைத் தூக்கும்போது இருக்குமே அந்த முகம். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கை அசைந்தது என்று சென்சாருக்குத் தெரியும், யார் அசைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை, ஆனால் அவளை ஏமாற்றி என்ன ஆகப்போகிறது. அது நான்தாம்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அம்மா திரையைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் பதிவை மெதுவாகத் திரும்ப ஓட்டினாள். சார், கடைசியில கையை எங்க விட்டீங்க என்று கேட்டாள். அந்தரத்துலதாம்மா என்றேன். முதல் நாள் பதிவில் நீலக் கை பொத்தென்று விழுந்தது. பிறகு வந்த நாள்களில் வேறு மாதிரி. இது விழல சார், இறங்குது, பாருங்க, யாரோ பிடிச்சு மெதுவா இறக்குறாங்க, நீங்க விட்டாச்சுன்னா அது அம்மாதான் என்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை, கட்டிலில் படுத்துக்கொண்டு, கையைத் தூக்குங்க என்றாள். தூக்கினேன். விடுங்க என்றாள். விழித்திருக்கும்போது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு விட மனசே வரவில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் குரலில், பயப்படாம விடுங்க, நான் பாத்துக்குறேன் என்றாள். விட்டேன். கை கொஞ்சம் நின்றது, நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இறங்கி மெத்தையைத் தொட்டது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன், அவள் அழவில்லை, இன்னொரு தடவை என்றாள்.

வலது கைப் பயிற்சி தொடர்கிறது. உன் கேள்விக்கு அம்மாவின் பதில்: வேலைய விட்டுட்டு வந்தா வாசல்லயே நிக்க வச்சிடுவேன், லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க. நான் சொல்வதும் அதுதான். போனில் துக்கம் விசாரிப்பதுபோல் கை எப்படிம்மா இருக்கு என்று இனிமேல் கேட்காதே, அவளோடு சண்டை போடு, அதுதான் அவளுக்கு மருந்து. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இரண்டு பேரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும். அம்மா விழித்துக்கொண்டு உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள், இன்றைக்கு இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விடச் சொல்கிறாள், போகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா