நன்றிக்குப் பின்னால் இருந்த படங்கள்

கேபெஸ்,
ஞாயிறு காலை

அன்பு மகள் துர்ராவுக்கு உன் பாபா ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். பெர்கன் மழையில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. போனில் உன்னைப் பெற்ற உம்மியிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எழுத்தில் நான் குறுக்கே பேச முடியாது.

வண்டிக்கு கிளட்ச் மாற்றியாயிற்று. உன் தம்பி அனிஸுக்குப் பெண் பார்க்கிறோம், அவன் யாரையோ ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்று உம்மி சொல்கிறாள். மன்னூபியா அத்தைக்கு முழங்கால் வலி. வலியோடு தினமும் வந்து உன்னைக் கேட்கிறாள், கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

ஸ்ஃபாக்ஸ் நகரில் நடந்த உன் கடல் ஆய்வு மாநாட்டைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நீ அழைத்தது என்னையும் உம்மியையும் மட்டும். ஷேர் வண்டி ஓட்டிப் பழகியவன், எட்டு இருக்கையும் நிரம்பாமல் எனக்குக் கிளம்பத் தெரியாது. அத்தை, அவள் மருமகள்கள், பக்கத்து வீட்டுக்காரர் வரை ஏற்றிக்கொண்டேன். டாக்டர் துர்ரா என்று மேடையில் உன் பெயரைச் சொன்னதும் அத்தை குலவையிட்டாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நீ சிரித்தாய். நேரம் முடிந்தால் அடிக்கிற மணியோடு உட்கார்ந்திருந்த தலைவர் அம்மாகூடச் சிரித்தார். அதுவரை ஒன்றும் கெடவில்லை.

நீ நன்றாகப் பேசினாய். நம் வளைகுடாவின் அடியில் கடற்புல் திரும்பி வருகிறது என்று நீ சொன்னபோது மண்டபம் அசையாமல் இருந்தது. நன்றி என்று எழுதிய படம் திரையில் வந்தது. நாங்கள் கை தட்டினோம். அப்போது முன் வரிசையில் தலை நரைத்த ஒரு மனிதர் எழுந்தார். கோடையில புல் பச்சையா இருக்கும், அது மீன் பிடிக்கிறவனுக்கே தெரியும், குளிர்காலத்துல இறங்கிப் பார்த்தீங்களா, இல்ல உள்ளூர்ப் பொண்ணு ஆசையில சொல்றீங்களா என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். உன் கை கணினிப் பக்கம் போனது. நான் எழுந்துவிட்டேன்.

என் வண்டியில் ஒரு பயணியைப் பார்த்து யாராவது குரல் உயர்த்தினால் நான்தான் பதில் சொல்வேன். அது பழக்கம். என் மகள் பொய் சொல்ல மாட்டாள் ஐயா, அவ தூங்கி மூணு நாளாச்சு, நீங்க யாரு அவளைக் கேட்க என்று கத்தினேன். அத்தை, இன்னும் நல்லாக் கேளு அண்ணே என்றாள். உம்மி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

வராந்தாவில் அந்த மனிதர் என்னிடம் வந்தார். உங்க பொண்ணை யாரும் அடிக்கலையே ஐயா என்றார். கிண்டல் என்று நினைத்தேன். மறுபடி சண்டைக்குப் போனேன்.

நீ கேட்டிருந்த துனிஸ் ஆய்வுக்கூடத்து வேலைக்கு ஆள் எடுப்பவர் அவர்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்திருப்பேன், அதுதான் பயமாக இருக்கிறது. ஜூனில் உன் பெர்கன் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அந்த இடம் கிடைத்தால் நீ எங்களுக்கு ஐந்து மணி நேர தூரத்தில் இருப்பாய் என்று வண்டியில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் நீ உம்மியிடம் சொன்னதை அவள் உன்னை விமானம் ஏற்றிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். அதைத்தான் யாராவது கேட்கணும்னு காத்துட்டு இருந்தேன் உம்மி, குளிர்காலப் படத்தையெல்லாம் நன்றிக்குப் பின்னாடி வெச்சிருந்தேன், கேட்டா எடுக்கலாம்னு.

மாநாட்டுக்கு முந்தின நாள் நம் வீட்டுக் கூடத்தில் எங்களுக்குப் பேசிக் காட்டினாயே, அப்போதும் இதையே சொல்ல வந்தாய். இன்னும் இருக்கு பாபா, பின்னாடி கொஞ்சம் படம் இருக்கு என்றாய். நன்றி சொன்னப்புறம் என்னடி இருக்கு, வந்து சாப்பிடு என்று கணினியை மூடியது இந்தக் கைதான். நீ எழுந்து சாப்பிட வந்தாய்.

ஜனவரியில் மழையில், கடலில் இறங்கிப் பார்க்கக் கிளம்பிய உன்னையும் உன் கருவிப் பெட்டிகளையும் துறைமுகத்தில் இறக்கிவிட்டவன் நான். மண்டபத்தில் அதையாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. எங்கே போனாய் என்று தெரியும். என்ன பார்த்தாய் என்று அன்று மாலை திரும்பி வரும்போதுகூட உன்னைக் கேட்கவில்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மனிதருக்கு நீ எழுது. எழுதினாயா என்று கேட்க மாட்டேன். என் பெயரைச் சொல்லி மன்னிப்பு வேண்டுமானால் சேர்த்துக்கொள், வேண்டாமென்றால் விடு.

இறைவன் உன் வழியைத் திறந்து வைக்கட்டும். உம்மியும் அனிஸும் முத்தம் அனுப்புகிறார்கள். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. அடுத்த முறை நீ போன் செய்யும்போது உம்மி எனக்கும் தருவாள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன், பிறகு வாய் திறக்க மாட்டேன். குளிர்காலத்துல இறங்கிப் பார்த்தியே, அங்க என்ன இருந்துச்சு?

உன் பாபா,
முன்சிஃப்