எலிகளின் மீசை

பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 4

அன்பு மகள் கெசியாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் பெங்களூரில் உன் வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் தங்குவதாக.

எலிகளுக்காகச் சபையில் ஜெபிக்கச் சொன்னேன் என்று சாலோமி சித்தி உனக்குப் போனில் சொன்னாளாம். அது தவறு. ஜெப விண்ணப்பச் சீட்டில் நான் எழுதியது இதுதான்: "புராஸ்டேட் புற்றுநோயை ஆண் ஹார்மோன் எப்படி வளர்க்கிறது என்று எலிகளை வைத்து ஆராயும் என் மகள் கெசியாவுக்காக." ஆராதனையில் அதை வாசித்த குருவானவர், கூச்சத்தில் நோயின் பெயரை விழுங்கிவிட்டு, "சகோதரி கெசியாவுக்காகவும் எலிகளுக்காகவும்" என்று முடித்தார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "அக்காவுக்கு எலி மேல பாசம் வந்துட்டு" என்று சாலோமி சொன்னது என் காதிலேயே விழுந்தது.

எழுந்து நின்று, சீட்டில் இருந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். கடைசி பெஞ்சு வரை எட்டியிருக்கும். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பெயர்கூடச் சொல்லாத உறுப்பு அது. உன் அப்பா அதே நோயின் வேதனையை இரண்டு வருஷம் என்னிடமே மறைத்தார். நானும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் தானியேல் மாமா பைய வந்து பக்கத்தில் நின்றான். "அக்கா, ஒண்ணு கேக்கேன், சிரிக்கப்படாது. அந்த எலியெல்லாம் ஒண்ணுக்குப் போவ முக்குமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எலி கெடக்கட்டும்லே. நீ எத்தன நாளா முக்குத?" என்று கேட்டேன். எட்டு மாசமாம். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தம், ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. அந்த நோய்தான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை, குணமாக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று உவரியிலிருந்து வந்த சீலா மீனை வாங்கிக் குழம்பு வைத்தேன். உன் மாமா மூன்று முறை சோறு வாங்கினான். எனக்கும் பசித்தது.

கதிர்வீச்சோடு ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் போட வேண்டுமாம். அங்கேதான் தகராறு. ஊசி போட்டால் மீசை போய்விடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். போகாது என்று டாக்டர் சொன்னதை நம்பமாட்டேன் என்கிறான். "அவரு மீசையே வைக்காதவரு, அவருக்கு என்ன தெரியும்?" என்கிறான். ஹார்மோனைக் குறைத்ததும் எலிகளின் கட்டி சுருங்கியது என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். "கட்டி சரி, மீசை? எலிக்கும் மீச உண்டுல்லா? உதுந்துச்சா இல்லியான்னு கெசியா கைப்பட எழுதட்டும், போட்டுக்கிடுதேன்" என்று முடித்துவிட்டான்.

போனில் சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தது என்பான். எலிகளின் மீசையைப் போய்ப் பார். ஆறுதலுக்காக எதையும் சேர்க்காதே, கண்டதை எழுது. போன கடிதத்தில் தேதி போடவில்லை, இதில் போடு.

ஊசி பதினெட்டாம் தேதி. அதற்குள் கைக்குக் கிடைக்கும்படி பதில் எழுது.

உன் அம்மா,
தங்கத்தாய்